பாலத்துல கொஞ்ச நேரம் நின்னேன்னு சொன்னான்

"சும்மா பாலத்துல கொஞ்ச நேரம் நின்னேன்ணா, காத்து நல்லா இருந்துச்சு."

அவன் சொன்னது இவ்ளோதான். 2023 மே மாசம், ராத்திரி பதினொன்னே முக்கால் இருக்கும். அன்னிலேர்ந்து இந்த ஒரு வரிய எத்தன தடவ எனக்குள்ளயே சொல்லிப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, "சும்மா"வ அழுத்திச் சொன்னா ஒரு மாதிரி இருக்கு, "நின்னேன்"ங்கறத அழுத்திச் சொன்னா வேற மாதிரி இருக்கு, "காத்து நல்லா இருந்துச்சு"ங்கறத மட்டும் தனியா எடுத்தா மே மாசத்துல வேலூர்ல யார் வேணா சொல்றதுதான், ஒண்ணுமே இல்ல. பாலாத்துப் பாலம். 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சே, அந்தத் தண்ணியெல்லாம் எப்பவோ போயாச்சு, கீழ மணலும் முள்ளுச்செடியும்தான். அதனால தண்ணிய வேடிக்க பாக்க நின்னான்னும் வெச்சுக்க முடியல.

பையன் எங்கூட ஆம்புலன்ஸ் வண்டில ஏறித்தான் வேல கத்துக்கிட்டான். ரெண்டு மாசம். அப்புறம் வேற பேஸ்ல, அதாவது ஆம்புலன்ஸ் நிக்கற வேற இடத்துல, போட்டாங்க. நான் பதினோரு வருஷமா இஎம்டி, வண்டில அடிபட்டவங்களுக்கு முதலுதவி பாக்கறவன், புதுசா வர்ற பசங்க எல்லாம் எதுனா கேஸ் ஆனா எனக்கு போன் பண்றது ஒரு பழக்கமாயிடுச்சு, யாரும் இந்த வேலைய எனக்குக் குடுக்கல, நானா எடுத்துக்கிட்டதுதான், உண்மையச் சொல்லணும்னா அதுல ஒரு பெருமையும் இருந்துச்சு. அண்ணாகிட்ட பேசுனா சரியாயிடும்னு பசங்க சொல்றது காதுல விழும்போது நல்லாத்தான் இருக்கும்.

அந்த போனுக்கு நாலு நாள் முன்னாடி அவனுக்கு பைபாஸ் ரோட்ல ஒரு கேஸ். பைக்கு, லாரி, அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பெரியவன் ஸ்பாட்லயே போயிட்டான். சின்னவனுக்கு வயித்துல அடி, வெளிய பாத்தா பெருசா ரத்தம் இல்ல, பேசிக்கிட்டே வந்திருக்கான். பேசுனதெல்லாம் ஒரே பேச்சுதான், அண்ணா தண்ணி, அண்ணா கொஞ்சம் தண்ணி. வயித்துல அடிபட்டு உள்ள ரத்தம் போகுதுன்னு சந்தேகம் இருந்தா வாய் வழியா எதுவும் குடுக்கக்கூடாது, நேரா ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவன், வாந்தி எடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும், இது எங்க எல்லாருக்கும் மனப்பாடம். இவனும் குடுக்கல. ஐவி போட்டான், ஆக்சிஜன் வெச்சான், கைய புடிச்சுகிட்டு பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு சொல்லிகிட்டே வந்தான். ஜிஹெச் கேட் தெரியும்போது அந்தப் பையன் பேச்ச நிறுத்திட்டான். சிபிஆர் பண்ணிகிட்டே உள்ள போனாங்க, பிரயோஜனம் இல்ல.

அன்னிக்கு நைட்டே போன் பண்ணான். வண்டி கழுவிகிட்டு இருக்கேன்ணான்னான். ஸ்ட்ரெச்சர் லாக் இருக்கு பாருங்க, அந்த இடுக்குல போற ரத்தம் ஹைப்போ ஊத்தித் துடைச்சாலும் போகாது, பழைய டூத் பிரஷ் வெச்சுத் தேய்க்கணும், அது நான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தது. போன்ல அந்தத் தேய்க்கற சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு. நடுவுல கேட்டான்: "தண்ணி குடுத்திருக்கலாமாணா?"

நான் உடனே, "குடுத்திருந்தா ஆஸ்பிரேட் ஆகியிருக்கும்டா, நீ பண்ணது கரெக்ட்" அப்டின்னேன்.

"கரெக்ட்னு தெரியும்ணா" அப்டின்னான்.

இங்கதான் நான் நிறுத்தியிருக்கணும், இல்ல இங்கேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கணும், எதுன்னு இன்னிக்கும் தெரியல. அவன் கேட்டது ப்ரோட்டோகால் இல்ல. நம்ம ஊர்ல சாகப்போறவங்களுக்கு ஒரு வாய் தண்ணியோ பாலோ ஊத்தாம யாரும் அனுப்ப மாட்டாங்க, கொடிய பகையாளியா இருந்தாலும் தண்ணி கேட்டா குடுப்பாங்க. அவன் பாட்டிக்கு அவனே பால் ஊத்துனானாம், வண்டில வேல கத்துக்கும்போது ஒருநாள் சொல்லியிருந்தான். அது எனக்கு ஞாபகம் வந்தது மறுநாள்தான். நான் பாடம் ஒப்பிச்சேன். ஆனா வேற என்ன சொல்றது? குடுத்திருக்கலாம்னு சொல்ல முடியுமா? அடுத்த கேஸ்ல குடுத்துட்டான்னா?

நாலாவது நாள் போன். தூக்கமே வரல, கண்ண மூடுனா அந்தக் குரல்தான் கேக்குதுன்னான். அப்புறம், "யார்கிட்டயும் சொல்லாதீங்கணா, வண்டிலேர்ந்து எறக்கிடுவாங்க". நான் யோசிக்கவே இல்ல, சட்டுனு "சேச்சே, யார்கிட்டடா சொல்லப்போறேன்" அப்டின்னுட்டேன். அதுக்கு அப்புறம்தான் அந்தப் பாலம் விஷயம். டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போற வழியில பைக்க நிறுத்திட்டு நின்னானாம். எவ்ளோ நேரம்னு கேட்டேன். தெரியலணா, ஒரு அர மணி நேரம் இருக்கும்னான்.

இந்த வரிசைய நான் முக்கியமாச் சொல்றேன், ஏன்னா நான் எனக்கே வக்கீலா வாதாடும்போது எடுக்கற முதல் பாயிண்ட் இதுதான். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணது தூக்கம் வராததுக்கு, பாலத்துக்கு இல்ல. பாலம் அப்புறமா வந்தது. நல்ல பாயிண்ட்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் இது எடுபடாது.

அன்னிக்கு எங்கூட நைட்ல இருந்த பைலட் அண்ணா (வண்டி ஓட்டறவர பைலட்னுதான் சொல்லுவோம்) எக்ஸ் சர்வீஸ்மேன், கம்மவான்பேட்டைக்காரர், அதான் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர்னு பேர் வாங்குன ஊரு. பதினேழு வருஷம் ஆர்மி டிரைவர், காஷ்மீர்ல ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ்லயும் இருந்துட்டு வந்தவர். டீ வாங்கிட்டு வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு இன்னாபான்னார். சொல்லிட்டேன். சத்தியம் பண்ணி அர மணி நேரம் கூட ஆகல.

அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஆர்மில "பட்டி பேர்"னு (buddy pair) சொல்ற கூட்டாளி ஜோடி பத்திச் சொன்னார். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுடுவாங்களாம், ஒண்ணா சாப்பாடு, ஒண்ணா பேட்ரோல், அவன் லெட்டர் வந்து அழுதானா, லீவு கிடைக்காம முறைச்சிகினு இருக்கானா, எல்லாம் இவனுக்குத்தான் முதல்ல தெரியும். "நம்ம பட்டி ஒரு மாதிரியா இருக்கான்னு மேல சொன்னா இன்னா பண்ணுவாங்க தெரியுமா, சத்தம் போடாம ரைஃபிள வாங்கி ஆயுத ரூம்ல வெச்சிட்டு லங்கர்ல, சமையக்கட்டுல, டூட்டி போட்டுருவாங்க, உருளக்கெழங்கு உரிச்சிகினு இருப்பான். அவன் நம்மகிட்ட ஒரு மாசம் பேச மாட்டான். சொல்லலன்னு வையி, அவன் ஊருக்கு பொட்டியோட போறவனும் நீதான்."

"நீங்க சொல்லியிருக்கீங்களாணா?"

"ஒருத்தனச் சொன்னேன். ஒருத்தனச் சொல்லல."

அதுக்கு மேல நான் கேக்கல. அவரும் டம்ளரக் கழுவப் போயிட்டார்.

காலைல ஏழு மணிக்கு சூப்பர்வைசருக்கு போன் பண்ணேன். பேர் வேணாம், தங்கமான மனுஷன். சார் இந்தப் பையனுக்கு தூக்கம் இல்ல, பாலத்துல நின்னேங்கறான், எனக்கு பயமா இருக்குன்னேன். அவர் ஒரு நிமிஷம் கூட தாமதிக்கல, பத்து நாள் லீவு, திரும்பி வந்தா டே ஷிஃப்ட் மட்டும், மனநல உதவிக்கு இருக்கற டெலி மானஸ் 14416 நம்பர் குடுத்து பேசச் சொன்னது எல்லாம் அவரே பண்ணார். அந்த நம்பர் 2022 அக்டோபர்லதான் வந்துச்சு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அது எனக்கும் தெரியும், எங்க பேஸ் சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கோம். நைட் அவன்கிட்ட அத நான் சொல்லல. என்கிட்ட பேசுறான், அப்புறம் இன்னொரு நம்பர் எதுக்குன்னு நெனச்சிருப்பேன் போல.

மத்தியானம் அவன் கூப்ட்டான். "நீங்களாணா?"

"உன் நல்லதுக்குத்தான்டா."

"சரிணா."

கட் பண்ணிட்டான். கத்தியிருந்தா கூட பரவால்ல.

ஒரு வாரத்துல வேற பேஸ்காரன் ஒருத்தன் ஜிஹெச் வாசல்ல என்கிட்டயே கேக்கறான், இன்னாபா உன் சிஷ்யன் பாலத்துல எறங்கிட்டானாமேன்னு. சிரிச்சிகிட்டுதான் கேட்டான். எங்கேர்ந்து கசிஞ்சுதுன்னு யோசிச்சா நான் சொன்னது ரெண்டே பேர்கிட்ட, பைலட் அண்ணா பேசறவர் இல்ல, சூப்பர்வைசர் டூட்டி மாத்தி எழுத யார்கிட்டயாவது காரணம் சொல்லித்தான் ஆகணும். ஆனா "பாலம்"ங்கற வார்த்தைய அவர் கையில குடுத்தது நான். சார் பையனுக்கு ஒரு மோசமான கேஸ் ஆச்சு, தூக்கம் இல்ல, ரெண்டு வாரம் நைட் வேணாம்னு மட்டும் சொல்லியிருந்தாலும் இதே லீவு கிடைச்சிருக்கும். ஒருவேளை கிடைச்சிருக்காது, அவர் அவசரம்னு எடுத்துக்கிட்டிருக்க மாட்டார். எனக்கு அப்ப அவசரம்னு தோணுச்சு. பாலம்னு சொல்லாம அவசரத்தப் புரிய வெக்க எனக்குத் தெரியல.

அதுக்கப்புறம்தான் இதப் பத்தி செல்லுல தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், நைட் ஷிஃப்ட்ல வேற என்ன வேல. 1983-ல ஜெஃப்ரி மிட்செல்னு ஒருத்தர், அமெரிக்காவுல தீயணைப்பு, பாராமெடிக் வேலையெல்லாம் பாத்துட்டு சைக்காலஜி பக்கம் வந்தவர், மோசமான கேஸ் ஆன டீம உடனே உக்கார வெச்சு என்ன நடந்துச்சுன்னு பேச வெக்கறதுக்கு ஒரு முறை எழுதினார், உலகம் பூரா அது பரவிடுச்சு. 2002-ல காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகள அலசிப் பாக்கற அமைப்புக்காரங்க இருக்கற ஆராய்ச்சிய எல்லாம் ஒண்ணாப் போட்டுப் பாத்துட்டு, ஒரே ஒரு தடவ அப்டி உக்கார வெச்சு பேச வெக்கறதால பின்னாடி பிடிஎஸ்டி, அதாவது அந்த அதிர்ச்சி மனச விட்டுப் போகாத நோய், வராம தடுக்க முடியல, கட்டாயப்படுத்தி பேச வெக்கறத நிறுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. இதப் படிச்சதும் எனக்கு ஒரு நிம்மதி, நான் அவன நோண்டி நோண்டிக் கேக்காதது நல்லதுதான் போலன்னு. உலக சுகாதார நிறுவனம் 2011-ல போட்ட மனசுக்கான முதலுதவி கைடுலயும் மூணே விஷயம்தான், பாரு, கேளு, சேர்த்து விடு. சேர்த்து விட்டேனே, அதத்தான பண்ணேன்னு தோணும். அதே கைடுல அவங்க சொன்னத வெளிய பரப்பாதன்னும் இருக்கு. எனக்கு வேண்டியத மட்டும் பொறுக்கிப் படிச்சிருக்கேன்.

நியூயார்க்ல 2001 செப்டம்பர் 11-ல 343 தீயணைப்பு வீரங்க ஒரே நாள்ல போனப்புறம், அவங்க டிபார்ட்மெண்டே கவுன்சிலருங்களோட சேத்து, ரிட்டயர்ட் ஆனவங்க உட்பட தீயணைப்புக்காரங்களயே ஸ்டேஷன்களுக்கு அனுப்புச்சாம். அதே கோட்டு போட்டவன் வந்து உக்காந்தாத்தான் வாயத் தொறப்பாங்கன்னு. நம்ம போலீஸ்லயும் பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் கூட சேர்ந்து நிறைவாழ்வுப் பயிற்சின்னு நடத்துனாங்க, அதுலயும் போலீஸ்காரங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து மத்தவங்களுக்கு எடுக்க வெச்சாங்க. எல்லா இடத்துலயும் ஒரே விஷயம்தான், நம்மாளுன்னு நம்பி வர்றான். ஆனா அந்த நம்பிக்க வர்றதே மேல சொல்ல மாட்டான்னுதான? சொல்ல வேண்டிய நாள் வந்தா நம்மாளுங்கறது அந்த நிமிஷத்தோட முடிஞ்சிடுதே. ட்ரெயினிங் எடுத்தவங்க முதல்லயே சொல்லிடுவாங்களாம், உன் உசுருக்கோ இன்னொருத்தர் உசுருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் வெளிய சொல்லித்தான் ஆகணும்னு, அப்புறம்தான் பேசவே ஆரம்பிப்பாங்களாம். கேக்க சுலபமா இருக்கு. ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு கொரல் உடைஞ்சு ஒருத்தன் அண்ணாங்கும்போது, இருடா முதல்ல கண்டிஷனச் சொல்லிடறேன்னு சொல்ல முடியுமா.

போன வருஷம் ஒரு நாள் கிளாஸ் ஒண்ணு போனேன். எடுத்த டாக்டரம்மா சொன்னது ஒண்ணுதான் மண்டையில நின்னுச்சு. சந்தேகம் வந்தா நேரா கேளுங்க, சாகணும்னு தோணுதாப்பான்னு அதே வார்த்தையில கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணத்த நீங்க உண்டாக்கிட மாட்டீங்க, பாதி பேருக்கு யாராவது கேட்டுட்டாங்களேன்னு இருக்கும்னாங்க. எல்லாரும் எழுதிகிட்டாங்க. எனக்கு எழுத கை வரல. பைலட் அண்ணாவக் கேட்டிருக்கேன், சூப்பர்வைசரக் கேட்டிருக்கேன், வீட்ல கூட கேட்டேன், அவன் எதுக்கு நின்னிருப்பான்னு நெனக்கிறன்னு. அவன ஒருத்தனத் தவிர எல்லாரையும் கேட்டிருக்கேன். எவ்ளோ நேரம் நின்னன்னு கேட்டேன், எதுக்கு நின்னன்னு கேக்கல. ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். பதினோரு வருஷமா எந்த சீன்ல எறங்குனாலும் முதல்ல சீன் சேஃப்பான்னு பாரு, அப்புறம் கால் வைன்னுதான் பழக்கம். அன்னிக்கு எனக்கு சேஃப்பா இருந்தது சூப்பர்வைசருக்கு போன் போடறது.

இப்பவும் அதே நெலம வந்தா நான் மேல சொல்லத்தான் செய்வேன். இதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. அப்டித்தான் நெனச்சிகிட்டு இருந்தேன், ஆனா ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு, புது இஎம்டி, வண்டிலயே ஆன டெலிவரில குழந்த அழல, அது போயிடுச்சு. மூணு நாள் கழிச்சு போன் பண்ணி அழுதுச்சு. வேலைக்கு வரவே புடிக்கலணா, எதுவுமே புடிக்கலணான்னுச்சு. எதுவுமேன்னா? கேக்கல. யார்கிட்டயும் சொல்லல. 14416 மட்டும் குடுத்தேன். தினம் காலைல குட் மார்னிங் அனுப்பறேன், ரெண்டு ப்ளூ டிக் விழற வரைக்கும் செல்ல கீழ வெக்கறதில்ல. அது நல்லாத்தான் இருக்கு, வேலைக்கு வருது. அப்போ சொல்லாததுதான் சரியா? இல்ல இந்தத் தடவ தப்பிச்சேனா?

அவன் இன்னும் வேலையிலதான் இருக்கான், ரெண்டு தாலுகா தள்ளி. நைட்டும் பாக்கறானாம் இப்ப. போன மாசம் ஜிஹெச்ல ஹேண்ட் ஓவர் குடுத்துட்டு வெளிய வந்தா பக்கத்துல அவன் வண்டி, பின் கதவு தொறந்து கெடக்கு, தரையெல்லாம் ரத்தம், குனிஞ்சு லாக்கத் தொடச்சிகிட்டு இருந்தான். கொஞ்சம் உடம்பு போட்டிருக்கான். என்னப் பாத்துட்டு நிமிந்து, "சாப்ட்டீங்களாணா"ன்னான். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்த. சாப்ட்டேன்டான்னேன். சாப்டல.

"பிரஷ் இருக்காணா? என்னுது எங்கயோ விழுந்துடுச்சு."

எடுத்துக் குடுத்தேன். தேய்க்க ஆரம்பிச்சான். நான் பக்கத்துலயே நின்னேன். இப்ப கேட்டா என்னன்னு தோணுச்சு, அன்னிக்கு பாலத்துல எதுக்குடா நின்ன, இந்த நாலு வார்த்ததான், வாய் வரைக்கும் வந்துச்சு. எங்க பைலட் அண்ணா ஹாரன் அடிச்சார், அடுத்த கேஸ், நெஞ்சு வலி, ஏழு கிலோமீட்டர். வரேன்டான்னு ஓடி வந்து ஏறிட்டேன்.

பிரஷ் அவன்கிட்டயே போயிடுச்சு. வேற வாங்கிட்டேன்.