194 என்றதும் காஃபீன் என்று எழுதிவிடாதீர்கள்

காபிச் சாற்றை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டி நிறை 194-ல் ஒரு பீக் வந்துவிட்டால் காஃபீன் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் காபியில் ஃபெருலிக் அமிலமும் உண்டு, அதன் நிறையும் 194தான். மூலக்கூறு வாய்பாடு (எந்த அணு எத்தனை என்பது) கண்டுபிடிப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல் இது, ஏனென்றால் பாடத்தில் முதலில் சொல்லித்தரும் விதிகள் எல்லாமே இங்கே கைவிட்டுவிடும்.

நைட்ரஜன் விதி? நிறை ஒற்றைப்படை என்றால் நைட்ரஜன் எண்ணிக்கையும் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்றால் அதுவும் இரட்டைப்படை என்பதுதான் அது. 194 இரட்டைப்படை, அதனால் நைட்ரஜன் இல்லாமலும் இருக்கலாம், இரண்டோ நான்கோ இருக்கலாம். சரி, கார்பனை எண்ணலாம் என்று 195-ல் இருக்கும் சின்ன ஐசோடோப் பீக்கைப் (கார்பன்-13 போன்ற, ஒரு நிறை கூடிய அணுக்களால் வருவது) பார்த்தால், ஒரு கார்பனுக்கு சுமார் 1.1% வீதம் ஃபெருலிக் அமிலத்தின் 10 கார்பனும் 194 பீக்கின் உயரத்தில் கிட்டத்தட்ட 11% தரும்; காஃபீனில் 8 கார்பன்தான், ஆனாலும் அதன் 4 நைட்ரஜனும் தம் பங்கைச் சேர்ப்பதால் அதுவும் 10%-ஐத் தொட்டுவிடும். வளையங்களையும் இரட்டைப் பிணைப்புகளையும் கூட்டினால் இரண்டுக்கும் 6!

காரணம் எளிது. ஒரு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தால் 28, இரண்டு நைட்ரஜனும் 28. ஃபெருலிக் அமிலத்தின் வாய்பாட்டில் இந்த மாற்றத்தை இரண்டு முறை செய்தால் காஃபீனின் வாய்பாடு வந்துவிடும், 10 ஹைட்ரஜன் அப்படியே நிற்கும். ஆனால் துல்லியமாக அளந்தால் முதல் ஜோடி 27.9949, இரண்டாவது 28.0061. அதனால் ஃபெருலிக் அமிலம் 194.0579, காஃபீன் 194.0804. இடைவெளி 116 பிபிஎம் (பத்து லட்சத்தில் 116 பங்கு), 5 பிபிஎம் துல்லியமுள்ள கருவிக்கு இரண்டையும் பிரித்தறிவது ஒரு பொருட்டே இல்லை. (மூலக்கூறோடு ஒரு புரோட்டானைச் சேர்த்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்ப்ரே முறையில் எடுத்திருந்தால் காஃபீன் 195.0877-ல் வரும்; புரோட்டானைக் கழித்த பிறகுதான் நைட்ரஜன் விதியைத் தொட வேண்டும்.)

அப்படிப்பட்ட கருவி இல்லையா, 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் மோதி உடைந்த துண்டுகளைப் பாருங்கள். காஃபீன் 57-ஐ இழந்து 137, அப்புறம் 28 போய் 109, அதிலிருந்து 27 போய் 82. அந்த 27 ஹைட்ரஜன் சயனைடு, நைட்ரஜன் இருக்கிறது என்பதற்கு நல்ல தடயம். ஃபெருலிக் அமிலமோ 15-ஐ, அதாவது மெத்தாக்ஸி தொகுதியின் மெத்திலை இழந்து 179-ல் பீக் காட்டும்.

அதுவும் வாய்பாடு வரைக்கும்தான். ஐசோஃபெருலிக் அமிலத்துக்கும் அதே 194.0579, அங்கே தூய மாதிரி ஒன்றை வாங்கி, அதுவும் நம் சாற்றில் உள்ளதும் குரோமட்டோகிராஃபி குழாயிலிருந்து (column, கலவையைப் பிரிக்கும் குழாய்) ஒரே நேரத்தில் வெளிவருகின்றனவா என்று ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.