ஏழு ஆவணங்கள், ஒரு மணி நேரம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியராக, ஆண்டுதோறும் மே மாதத்தில் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்தும் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்து அனுப்பி வருகிறேன். கல்லூரியின் தொடக்கநிலைப் பாடத்துக்கு இணையாக வகுக்கப்பட்ட இப்பாடம், ஏறத்தாழ 1200ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரையிலான உலக வரலாற்றை ஒரே கல்வியாண்டில் கடந்துவிடுகிறது. இதைக் கேள்விப்பட்டதும் பெற்றோர் பலர், குறிப்பாகத் தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள், "எவ்வளவு மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போர்களையும் ஆண்டுகளையும் உருப்போட்டுத் தேறிய தலைமுறைக்கு அக்கேள்வி இயல்பானதே. ஆனால் வகுப்பில் நான் காண்பது வேறு. நிறையப் படித்த பிள்ளைதான் பல நேரம் கட்டுரையில் தடுமாறுகிறது; தெரிந்த அனைத்தையும் கொட்டிவிட்டு, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமலேயே எழுந்து வந்துவிடுகிறது.

தேர்வு மொத்தம் மூன்றேகால் மணி நேரம். 55 கொள்குறி வினாக்களுக்கு 40 விழுக்காடும், மூன்று குறுவினாக்களுக்கு 20 விழுக்காடும், நெடுங்கட்டுரைக்கு 15 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்குப் பயிற்சியும் வாசிப்பும் இருந்தால் பெரும்பாலானோர் சமாளித்துவிடுவர். எஞ்சிய 25 விழுக்காட்டைத் தாங்கி நிற்பது, மாணவர்கள் டிபிகியூ என்று சுருக்கமாக அழைக்கும் ஆவணக் கட்டுரை. முன்பின் பார்த்திராத ஏழு ஆவணங்களைக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அவற்றைப் படித்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு ஒரு வாதத்தைக் கட்டச் சொல்வார்கள். அந்த மணி நேரத்தில் முதல் 15 நிமிடம் வாசிப்புக்கென்று பரிந்துரைக்கப்படுகிறது. ஓராண்டு முழுவதும் என் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் செலவாகிறது.

ஆவணத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல எல்லோருக்கும் வந்துவிடும். அதை எழுதியவர் யார், யாரை நோக்கி எழுதினார், எந்தச் சூழலில், எதை அடைவதற்காக எழுதினார் என்று கேட்பதற்குத்தான் நீண்ட பயிற்சி வேண்டும். மதிப்பீட்டு முறையில் இதற்கென்றே தனிப் புள்ளி உண்டு. இதைப் பழக்க நான் விரும்பி எடுப்பது, 1839இல் சிங் பேரரசின் ஆணையாளரான லின் சேசூ, அபின் வணிகத்தை நிறுத்தும்படி விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதம். முதல் முறை மாணவர்கள் எழுதும் வாக்கியம் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: "லின் ஒரு சீன அதிகாரி, ஆகவே இக்கடிதம் ஒருதலைப்பட்சமானது." இதற்குப் புள்ளி கிடையாது. உலகில் எழுதப்பட்ட எந்த ஆவணத்தின் மேலும் இந்த வாக்கியத்தை ஒட்டிவிடலாம் என்பதே அதன் குறை.

அங்கிருந்து பொறுமையாக நகர வேண்டும். லின் கெஞ்சுகிறாரா, கட்டளையிடுகிறாரா, அறிவுரை சொல்கிறாரா என்று கேட்டால், வகுப்பு மீண்டும் கடிதத்துக்குள் போகிறது. தொலைநாட்டு ஆட்சியாளர் ஒருவருக்கு அறநெறியை எடுத்துச் சொல்லும் மேலிடத்துக் குரல் அது என்பதை யாரேனும் ஒருவர் கண்டுபிடிக்கிறார். பிரிட்டனில் அபின் கடுமையாகத் தடைசெய்யப்பட்டிருப்பதாக லின் நம்பி எழுதியிருக்கிறார். உண்மையில் அக்காலத்தில் அங்கே அபின் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டது. இதைச் சொன்னதும் சிலர் அந்த ஆவணம் பிழையானது என்று ஒதுக்கிவிடப் பார்ப்பார்கள். அந்தப் பிழையே சான்று என்பதை அவர்கள் உணரும் கணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கடிதம் எழுதப்பட்ட ஆண்டிலேயே தொடங்கி, 1842இல் நான்கிங் உடன்படிக்கையோடு முடிந்த முதல் அபின் போரின் விளிம்பில் நின்றுகொண்டு, இரு பேரரசுகளும் ஒன்றையொன்று எவ்வளவு குறைவாக அறிந்திருந்தன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் பத்தியும் காட்டிவிட முடியாது.

அடுத்த கடினமான இடம், தீசிஸ் எனப்படும் மைய வாக்கியம். 1450 முதல் 1750 வரை ஐரோப்பியரின் வருகை இந்தியப் பெருங்கடல் வணிகத்தை எந்த அளவுக்கு மாற்றியது என்று கேட்டால், "பல வகைகளில் பெரிதும் மாற்றியது" என்று தொடங்குவார்கள். எந்த வகைகளில் என்று விடாமல் கேட்க வேண்டும். போர்த்துகீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தனர். தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் செல்லும் கப்பல்களைப் பறிமுதல் செய்தனர். ஆனாலும் குஜராத்தி வணிகரின் வலைப்பின்னல் அறுந்துவிடவில்லை, மிளகும் துணியும் பழைய கைகள் வழியாகவும் போய்க்கொண்டுதான் இருந்தன. இவற்றை எடைபோட்ட பிறகு ஒரு மாணவி, "ஐரோப்பியர் கடல்வழிகளில் ஆயுத பலத்தால் வரி வாங்கும் அதிகாரத்தைப் பெற்றனர், ஆனால் அவ்வழிகளில் நடந்த வணிகத்தின் பெரும்பகுதி ஆசிய வணிகர் கையிலேயே நீடித்தது" என்று எழுதினாள். இந்த வாக்கியம் அமைந்ததும், அடுத்த பத்திகளில் எது வர வேண்டும், எதை விட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிட்டது.

இதே கேள்விக்குப் பின்னணி எழுதும்போது, வீட்டில் சோழர் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் 1025இல் ராஜேந்திர சோழன் தென்கிழக்கு ஆசியாவின் ஸ்ரீவிஜயப் பேரரசின் மேல் அனுப்பிய கடற்படையைக் கொண்டுவருவதுண்டு. அவர்கள் முகத்தில் தெரியும் பெருமிதத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். எனினும் அந்தப் படையெடுப்பு, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இக்கடலில் வணிகமும் ஆயுத பலமும் சேர்ந்து இயங்கியிருக்கின்றன என்பதைக் காட்டி, கேள்வியோடு இணைக்கப்பட்டால்தான் அது பின்னணியாகும். இல்லாவிட்டால் வெறும் தகவலாகத் தொங்கும்.

2025 மே மாதத்திலிருந்து இத்தேர்வு முழுவதும் காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலி வழியாகக் கணினியில் நடக்கிறது. தட்டச்சு செய்வதால் வாக்கியங்களை இடம் மாற்ற முடிகிறது, கையெழுத்துக் கவலையும் இல்லை. ஆனால் ஆவணங்களைத் திரையில் மேலும் கீழும் உருட்டிப் படிக்கும்போது, ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை சிரமமாகிவிடுகிறது. ஆகவே வாசிப்பு நேரத்திலேயே, தேர்வறையில் தரப்படும் வெற்றுத்தாளில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்: எழுதியவர், அவருடைய நோக்கம், நம் வாதத்தின் எந்தப் பக்கம். பிறகு ஆவணங்களை இரண்டு அல்லது மூன்று குழுவாகப் பிரித்த பின்னரே விசைப்பலகையைத் தொட அனுமதிக்கிறேன்.

ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரங்களில் புதிய பாடம் எதையும் தொடங்குவதில்லை. ஒருவர் எழுதிய ஆவணக் கட்டுரையை மற்றொருவர், அதற்கான ஏழு புள்ளி மதிப்பீட்டு அளவுகோலை வைத்துத் திருத்துகிறார்கள். பிறர் எழுத்தில் குறையைக் காணும் கண், சில நாட்களில் தன் எழுத்தின் மேலும் திரும்பிவிடுகிறது. அந்த ஏழில் கடைசிப் புள்ளி, வாதத்தின் பன்முகத்தன்மைக்கு உரியது. நன்றாக எழுதும் பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு போய், கைக்கெட்டிய மற்ற புள்ளிகளைக் கோட்டைவிடுகிறார்கள். ஏழு ஆவணங்களையும் வாதத்துக்கு உருப்படியாகப் பயன்படுத்தினாலே அப்புள்ளி கிடைக்க வழியுண்டு என்பதால், அதற்கென்று அலங்காரப் பத்தி எதுவும் எழுத வேண்டாம் என்றும், அந்த நேரத்தில் இன்னோர் ஆவணத்தை வாதத்துக்குள் சேர்க்கும்படியும் சொல்லி அனுப்புகிறேன்.