வெளியூர் ரசிகர்கள் வரும் ஃபைனல்: மைதானம் எங்கே, எப்போது உடைகிறது

நம்ம வேலூர் பக்கம் கோடை லீவு வந்தால் ஊருக்கு ஊர் ஃபுட்பால் டோர்னமெண்ட் நடக்கும். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், அரக்கோணம் என்று எந்த ஊரானாலும் செமி ஃபைனல் வரைக்கும் கூட்டம் உள்ளூர்க் கூட்டம்தான். ஃபைனலுக்குச் சென்னை டீமோ தங்கவயல் டீமோ வந்துவிட்டால் பின்னாலேயே ஏழெட்டு வேனும் வரும், மேளமும் வரும். மறுநாள் காலையில் பார்த்தால் சேர் உடைந்திருக்கும், கேட் வளைந்திருக்கும், கழிவறைக் கதவு இருக்காது. "வெளியூர்க்காரனுங்க உடைச்சிட்டுப் போய்ட்டானுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

உடைத்தது அவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உடைந்த பொருளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை அன்று காலையிலேயே உடையத் தயாராக இருந்தவை. அதைச் சரிசெய்ய வேண்டியது நடத்துகிற கமிட்டி.

உலகப் பெரிய ஃபைனல்களிலும் இதே கதைதான். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹேசல் ஸ்டேடியத்தில், யூவெண்டஸ் – லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் 39 பேர் இறந்தார்கள். லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்தார்கள், எதிர்ப்பக்கத்து மக்கள் ஓடிப்போய்ச் சுவரோரம் நசுங்கினார்கள், சுவர் இடிந்தது. பாய்ந்தவர்களில் பலருக்குத் தண்டனை கிடைத்தது. கூடவே ஒரு போலீஸ் அதிகாரியும் பெல்ஜியம் கால்பந்துச் சங்க நிர்வாகி ஒருவரும் தண்டிக்கப்பட்டார்கள். காரணம் இருந்தது. பொதுவான பார்வையாளருக்கு என்று ஒதுக்கிய பகுதியின் டிக்கெட் யூவெண்டஸ் ரசிகர்கள் கைக்குப் போயிருந்தது, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வெறும் கம்பிவலை, பழைய படிக்கட்டிலிருந்து பெயர்ந்த கான்கிரீட் துண்டுகளே எறிகல். 2022 மே 28 பாரீஸ் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் நெரிசல் வந்தபோது முதலில் கைகாட்டப்பட்டவர்கள் லிவர்பூல் ரசிகர்கள். பிறகு வந்த சுயாதீன விசாரணை, முதன்மைப் பொறுப்பு ஆட்டத்தை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவுக்கே என்றது.

வெளியூர் ரசிகர்களையே விடாமல் இருந்தால் தொல்லை இல்லை என்பார்கள் சிலர். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் எதிரணி ரசிகர்களுக்கு அனுமதியே கிடையாது. அங்கேதான் கண்ணீர்ப்புகைக்குப் பயந்து கேட்டை நோக்கி ஓடியதில் 135 பேர் இறந்தார்கள்.

ஆகவே முதல் வேலை கேட். பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்குப் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: ஓர் ஆள் நுழையும் ஒரு வாசலில் மணிக்கு அதிகபட்சம் 660 பேர். நம்மூரில் பையைச் சோதித்து, டிக்கெட் கிழித்து விட்டால் 400 தாண்டாது. 600 வெளியூர் ரசிகர்கள் வருகிறார்கள், மேட்ச் 4.30 மணிக்கு, கேட் திறப்பது 4 மணிக்கு என்று வையுங்கள். விசில் ஊதும்போது 200 பேர் உள்ளே, 400 பேர் வெளியே. உள்ளே சத்தம் கேட்கக் கேட்க வெளியே தள்ளுமுள்ளு. அப்போதுதான் கேட்டின் கீல் பிய்கிறது. அவர்களுக்கென்று இரண்டு வாசல் வைத்து 3 மணிக்கே திறந்துவிட்டால் இந்தச் சேதமே இல்லை. வாசலில் நிற்கும் பையனுக்கும் சொல்லிவையுங்கள். "இன்னாபா, உள்ள வுட மாட்டியா?" என்று ஒருவன் எகிறினால், "உங்க கேட் அந்தாண்ட இருக்குதுண்ணா, வாங்க காட்றேன்" என்று கூடவே நாலடி நடக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டினால் சண்டை.

2021 ஜூலை 11 லண்டன் வெம்ப்லி ஸ்டேடியத்தில் நடந்த யூரோ ஃபைனலில் டிக்கெட் இல்லாத கூட்டம் குறிவைத்தது பெரிய வாசலை அல்ல, மாற்றுத்திறனாளிகளுக்கான வாசலை. நம் மைதானத்திலும் அப்படி ஒரு பலவீனமான இடம் இருக்கும்: ஆம்புலன்ஸ் கேட், ரோலர் நுழைகிற சந்து, காம்பவுண்ட் சுவர் தாழ்ந்த மூலை. நல்ல ஆட்களை நிறுத்த வேண்டியது அங்கே.

வெளியேறும் வழிக்குத் தனிக் கணக்கு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். 3 மீட்டர் கேட் என்றால் 8 நிமிடத்தில் 1,968 பேர். இரண்டு கதவும் முழுதாகத் திறந்திருந்தால்தான் இது. கேட்டுக்கு வெளியே பைக் நிறுத்தவிட்டால் பாதி அகலம் போச்சு. கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்கியதுமே திறந்து, கொக்கி மாட்டி, பக்கத்தில் ஆள் போட்டு வைக்க வேண்டும். கூட்டம் வந்து சாய்ந்த பிறகு உள்பக்கக் கதவைத் திறக்கவே முடியாது. 1964-ல் பெரு நாட்டின் லிமா ஸ்டேடியத்தில் 328 பேர் இறந்தது இப்படி அடைத்துக் கிடந்த வழிகளில்தான்.

எங்கே உட்கார வைப்பது? வேலூர் வெயிலில் இது சின்ன விஷயமே இல்லை. மேற்குப் பக்கம் நிழல், அதை உள்ளூர்க்காரர் எடுத்துக்கொள்வார். வெளியூர்க்காரரைக் கிழக்குப் பக்கம் போட்டால் நாலரையிலிருந்து ஆறு மணி வரை சாயங்கால வெயில் நேராக மூஞ்சியில். மே மாதத்தில் அதுவே பாதி கோபத்தை ஏற்றிவிடும். தெற்கு அல்லது வடக்கு கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு மூலை கொடுங்கள், மேலே தென்னங்கீற்றோ பச்சை வலையோ போடுங்கள். உள்ளூர்க் கூட்டத்துக்கும் அவர்களுக்கும் நடுவே குறைந்தது 10 மீட்டர் காலி இடம் வேண்டும். ஒற்றைக் கயிறு வேலி போதாது. இரண்டு வரிசைச் சவுக்குக் கட்டை, நடுவே வாலண்டியர் நடக்க இடம். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கலந்து உட்கார்ந்த கேலரியில் தகராறு மூண்டு 16 பேர் இறந்தார்கள்.

நின்று பார்க்கும் இடத்தில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர் என்பது உச்ச வரம்பு, அதுவும் நல்ல படிக்கட்டும் தடுப்புக் கம்பியும் உள்ள ஸ்டேடியத்துக்கு. நம் மண் தரைக்குப் பாதியாக எடுங்கள். 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம் என்றால் 280 பேர். அதற்கு மேல் டிக்கெட் அடிக்கக் கூடாது.

சவுக்கு கேலரி கட்டினால், மேலிருந்து அழுத்தும் பாரத்தை விட முன்னும் பின்னும் ஆடுவதுதான் ஆபத்து. மேளத்துக்கு 200 பேர் ஒரே தாளத்தில் குதித்தால் நேர்க்காலில் மட்டும் நிற்கும் கேலரி சாயும். ஒவ்வொரு இரண்டு கால் இடைவெளியிலும் பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கட்டை, அதுவும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும், கேட்டு வாங்குங்கள். செலவு குறைக்கச் சாரக்காரர் முதலில் விடுவது அதைத்தான். பச்சைக் கட்டை காய்ந்து சுருங்கும், கயிற்றுக்கட்டு தளரும். ஃபைனல் அன்று காலை எல்லா முடிச்சையும் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள்.

சேர் விஷயத்துக்கு வருகிறேன். கேலரியில் போல்ட் போட்டுப் பதித்த பிளாஸ்டிக் சீட் வெயிலில் நாலைந்து வருடம் காய்ந்தால் நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒட்டும். அந்த சீட் செத்துப்போன சீட். ஒருவன் மேலே ஏறி நின்றாலே போல்ட் துளையைச் சுற்றிக் கிழியும். கிழிந்த சீட்டைக் கவனித்தால் எப்படி உடைந்தது என்று தெரியும். போல்ட்டைச் சுற்றி வட்டமாகப் பிய்ந்திருந்தால் ஏறி நின்றது. முதுகும் இருக்கையும் மடிகிற இடத்தில் நேர்க்கோடாக விரிந்திருந்தால் பின்னாலிருந்து உதைத்தது. புது சீட் மாட்டும்போது போல்ட் தலைக்குக் கீழே 30 மில்லிமீட்டர் அகல வாஷர் போட்டால் துளை அவ்வளவு சீக்கிரம் கிழியாது. வெளுத்த சீட்டை ஃபைனலுக்கு முன்பே கழற்றிவிடுவது நல்லது, வெறும் படியை யாராலும் பிடுங்கி எறிய முடியாது. வாடகைச் சேர் என்றால் வெளியூர் ரசிகர் பகுதியில் போடவே போடாதீர்கள். விஐபி வரிசையில் போடுவதையும் பத்துப் பத்தாகக் கைப்பிடி வழியே மூங்கில் செருகிக் கட்டுங்கள்.

எறிவதற்குக் கையில் கிடைப்பது எது என்று முந்தின நாள் சாயங்காலம் ஒரு சுற்று நடந்தே பார்க்க வேண்டும். ஒன்றரை ஜல்லி, செங்கல் துண்டு, அறுத்துப் போட்ட சவுக்குத் துண்டு எல்லாம் மைதானத்தை விட்டே போக வேண்டும். பலர் மறப்பது கேட்டுக்கு வெளியே நிற்கும் வண்டிகளை. கரும்பு ஜூஸ் வண்டியில் சாய்த்து வைத்த கரும்பு, சண்டை வந்தால் கம்பு. இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் குவிந்த காலி மட்டை கல்லை விட மோசம். அந்த இரண்டு வண்டிக்காரர்களையும் அன்று மட்டும் நூறடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர்கள் பிழைப்பும் கெடக்கூடாது, ஆகவே கேட் திறப்பதற்கு முன்பே நல்ல இடம் காட்டிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை உள்ளே விட்டால் மூடியை வாங்கிக்கொண்டு விடுங்கள். மூடியில்லாத பாட்டில் பறக்கும்போதே தண்ணீர் கொட்டி எடை இழந்துவிடும். அதற்குப் பதில் உள்ளே 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கும் குழாயும் வையுங்கள். 280 பேருக்கு அது போதும்.

கழிவறையில் உடைவது இடைவேளையில். இடைவேளை 15 நிமிடம்தான். 280 பேரில் 90 பேர் போனாலும் ஆளுக்கு ஒரு நிமிடம் வைத்து 6 இடம் வேண்டும். ஒரே ஒரு பிவிசி கதவு போட்ட கழிவறை இருந்தால், கடைசியில் நிற்பவன் கதவை உதைப்பான், கீழ்க் கீலின் திருகு பிடுங்கிக்கொண்டு வரும். நாலு தகரத்தை அடித்துத் தற்காலிக மறைப்புக் கட்டினால் ஆயிரக்கணக்கில் செலவாகும் கதவு பிழைக்கும்.

கடைசி 15 நிமிடம் தனியாகக் கவனிக்க வேண்டியது. 75-ஆவது நிமிடத்தில் வாலண்டியர்கள் எல்லாரும் மேட்சுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். பெனால்டி ஷூட் அவுட் வந்தால் எந்த கோல் என்பதை ரெஃபரி டாஸ் போட்டு முடிவு செய்வார், ஆனால் பாதுகாப்புக் காரணம் இருந்தால் டாஸ் இல்லாமலே அவர் தீர்மானிக்க விதியில் இடமுண்டு. வெளியூர் ரசிகர்கள் இல்லாத கோலைக் காட்டி ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள்.

அனுப்புவதில் ஒரு முறை இருக்கிறது. உள்ளூர் ஜெயித்தால் அவர்கள் பரிசளிப்புக்கு நிற்பார்கள், அந்த நேரத்தில் வெளியூர்க்காரரை முதலில் அனுப்புங்கள். வெளியூர் ஜெயித்தால் தலைகீழ். இரண்டையும் ஒரே நேரத்தில் ரோட்டில் விடக் கூடாது. அவர்கள் வேன்கள் வரும்போதே முகம் வெளியே பார்த்து, அவர்கள் கேட் பக்கமே நிற்க வேண்டும். காட்பாடி ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் இருந்தால் பாலாற்றுப் பாலம் தாண்டும் வரை போலீஸ் துணை கேளுங்கள்.

சேதத்துக்கு வசூல் செய்ய வேண்டுமானால் காலையிலேயே இரண்டு டீம் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு கேட், சீட், கழிவறை, கோல் போஸ்ட் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, ஒரு தாளில் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் வாங்கினால் இரண்டு டீமிடமும் ஒரே தொகை. வெளியூர் டீமிடம் மட்டும் வாங்கினால் அதுவே முதல் அவமானம். பெரிய சேதம் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் சொத்துச் சேதத் தடுப்புக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. காலை வீடியோ இல்லாவிட்டால் எது பழைய உடைசல், எது புதுசு என்று நிரூபிக்க முடியாது.

கடைசியாக கோல் போஸ்ட். ஜெயித்த கூட்டம் உள்ளே பாய்ந்ததும் கிராஸ் பாரில் பத்துப் பேர் தொங்குவார்கள். 7.32 மீட்டர் நீளப் பைப் நடுவில் தொய்யும், மூலையில் வெல்டிங் முடியளவு விரியும். பெயிண்ட் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். மறுநாள் காலை 6 மணிக்குப் பிராக்டிஸுக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள், அதில் ஒருவன் அதே பாரைப் பிடித்துத் தொங்குவான். ஃபைனல் ராத்திரியே டார்ச் அடித்து அந்த இரண்டு மூலையையும் பாருங்கள். கோடு தெரிந்தால் வெல்டர் வரும் வரை போஸ்டைக் கழற்றித் தரையில் படுக்க வைத்துவிடுங்கள்.