அயோ! கார்காரிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 5, 2023, திங்கள்

இன்று பி-டே, அதாவது சபை ஊழியத்தில் இருக்கும் எங்களுக்கான ஆயத்த நாள். துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் பேச வாரத்தில் இந்த ஒரு நாள்தான். காலையிலேயே பின்பக்கம் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வெள்ளைச் சட்டைகளை ஊறப்போட்டேன். மலைப்பாதைச் சேறு காலர் வரைக்கும் ஏறியிருக்கிறது, பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அப்புறம் அம்மாவிடம் வீடியோவில் பேசினேன். இங்கே பத்தரை மணி என்றால் கோயம்புத்தூரில் எட்டு. "சாப்பிட்டியா கண்ணு, ஏன் இளைச்சுட்டே" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். 2019 பிப்ரவரி வரைக்கும் மிஷனில், அதாவது இந்த ஊழியத்தில், இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் பேச முடியும், மற்றபடி கடிதமோ மின்னஞ்சலோதான். அம்மா அதைத் தாங்கியிருக்க மாட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, மார்மன் என்றால் பலருக்குத் தெரியும். பையன்கள் 18 வயதிலிருந்து இரண்டு வருஷம், பெண்கள் ஒன்றரை வருஷம் ஊழியத்துக்குப் போகலாம். சம்பளம் கிடையாது, எந்த ஊர் என்பதும் நம் கையில் இல்லை. எனக்கு வந்தது பிலிப்பைன்ஸில் செபு தீவு, இப்போது இருக்கும் கார்கார் அதில் ஒரு ஊர். இது பதினோராவது மாதம்.

ஜூன் 7, புதன்

இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று "அயோ!" என்று குரல் கொடுக்க வேண்டும், செபுவானோ மொழியில் வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது அப்படித்தான். வந்த புதிதில் எனக்கு அந்தச் சொல் வாயில் வரவே வராது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஐயோ என்று சொல்லலாமா, பாட்டி கேட்டால் என்ன ஆகும்! இப்போது ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிடுகிறேன். உள்ளேயிருந்து "சாகா!" என்று பதில் வரும். ஏறி வாருங்கள் என்று அர்த்தம். அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது.

இன்று அப்படி ஏறிப்போன வீடு ஒரு மரமேறியுடையது. வயது அறுபது இருக்கும். இங்கே பெரியவர்களை நோங் என்பார்கள், நான் மனசுக்குள் அவரைப் பெரியப்பா என்றே நினைத்துக்கொள்கிறேன். மூன்று மாதமாக அவருக்கும் அவர் மனைவிக்கும் எங்கள் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகம் வாசித்துக் காட்டுகிறோம். அவருக்கு எழுத்து சரியாகத் தெரியாது. ஆனால் போன வாரம் எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை ஒரு தடவைகூட மறந்ததில்லை. இன்று அவராகவே கேட்டார், நான் எப்போது ஞானஸ்நானம் எடுப்பது என்று.

ஜூன் 10, சனி

ராத்திரி பூராவும் மழை. ஆறரைக்கு எழுந்து, படிப்பை முடித்துக்கொண்டு, நானும் என் கம்பானியனும் (ஊழியத்தில் என் ஜோடி) நோங் வீட்டுத் தோப்புக்குப் போனோம். கம்பானியன் டோங்கா தீவுக்காரர், தேங்காய் உரிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

தென்னங்கள்ளுக்கு இங்கே துபா என்று பெயர். நோங் தினம் இரண்டு வேளை ஏறுகிறார். மரத்தில் கால் வைக்கப் படி படியாக வெட்டி வைத்திருக்கிறார், இடுப்பில் வளைந்த அரிவாள், முதுகில் நீளமான மூங்கில் குழாய். பாளையின் நுனியை மெல்லியதாக ஒரு சீவல், சேர்ந்ததைக் குழாயில் ஊற்றி, கலயத்தைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்குவார். கீழே வந்ததும் அலையாத்தி மரப்பட்டையைத் தூளாக்கிப் போட, பால் போல இருந்தது செங்கல் நிறத்துக்கு மாறியது. பக்கத்தில் நின்றால் அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறுகிறது. எங்கள் தாத்தா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் காவல் வேலை பார்த்தவர். அவர் சட்டையில் இதே வாசனை இருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறார்.

எட்டு மரம் இறங்கி முடித்ததும் நோங் ஒரு வாய் ருசி பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் சபையில் மது கிடையாது, புகையிலை கிடையாது, டீ காபியும் கிடையாது. ஞானஸ்நானத்துக்கு முன் நடக்கும் நேர்காணலில் இதைக் கேட்பார்கள்.

ஜூன் 12, திங்கள்

சுதந்திர தினம். 1898இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்த நாள், ஊரெல்லாம் கொடி. துவைத்த துணி காயவில்லை. அம்மாவிடம் நோங் பற்றிச் சொன்னேன், "அவரை அவசரப்படுத்தாதே சாமி" என்றார்.

ஜூன் 16, வெள்ளி

இன்று பேசிவிட்டோம். குடிப்பதை நிறுத்துவது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ருசி பார்க்காமலே நுரையையும் வாசனையையும் வைத்துச் சொல்லிவிடுவேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்று நாங்கள் சொல்கிறோம். பாளைக்கு ஞாயிறு திங்கள் தெரியாது, ஒரு நாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்து சுரப்பு குறைந்துவிடும். அப்புறம், தான் குடிக்காததை அடுத்தவனுக்கு விற்கலாமா என்று அவரே கேட்டார். நேர்காணல் கேள்விகளில் அது இல்லை. ஆனால் அவர் மனசில் இருக்கிறது.

நான் விட்டது என்ன? காபி. சபையில் சேர்ந்தபோது எனக்குப் பதினாலு வயது, பாட்டி போடும் ஃபில்டர் காபியை வேண்டாம் என்றதற்கு அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். இந்த மனிதர் விட வேண்டியது சோறு. அதைக் கேட்கிற இடத்தில் இருபது வயதுப் பையன் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் விசுவாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, கேட்காமல் இருந்தாலும் அது அவருக்குச் செய்யும் துரோகம்தான். ஆனால் கேட்டபோது என் குரல் நடுங்கியது, நடுங்கியது சரிதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் வழி சொன்னது அவர் மனைவி. துபாவை அப்படியே சில வாரம் விட்டால் வினிகர் ஆகிவிடும், அதைப் பாட்டிலில் அடைத்துச் சந்தையில் விற்கலாம். காசு குறைவு. நோங் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், யோசிக்கிறேன் என்றார். நாங்கள் தேதி எதுவும் குறிக்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

ஒன்பது மணிக்கு ஆராதனை. அப்பமும் தண்ணீரும் பரிமாறும் நேரத்தில் பின்வரிசையில் நோங் வந்து உட்கார்ந்தார். தலை ஈரம், சட்டையில் இஸ்திரி மடிப்பு. விடியலில் மரம் ஏறிவிட்டுத்தான் வந்திருக்கிறார், உள்ளங்கையில் புதிதாக ஒரு சிராய்ப்பு. தட்டு அவரிடம் போனது. அதைக் கவனமாகப் பிடித்து, அப்பம் எடுக்காமல், பக்கத்தில் இருந்தவருக்கு நகர்த்தினார். எடுக்கலாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். இன்னும் இல்லை என்று அவரே முடிவு செய்திருக்கிறார். எனக்குப் பாட்டு வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது.

ஜூன் 19, திங்கள்

மாற்றல் வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும், இந்தத் தடவை என் பெயர். புதன்கிழமை லாபு-லாபு நகரத்துக்குப் போக வேண்டும், கம்பானியன் இங்கேயே இருப்பார்.

மத்தியானமே நோங் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன், இங்கே பெரியவர்களிடம் ஆசி வாங்குவது அப்படித்தான். மனைவி உள்ளே போய் ஒரு பழைய ரம் பாட்டிலைக் கொண்டுவந்தார், லேபிள் சுரண்டியிருந்தது. உள்ளே வினிகர், அடியில் பச்சை மிளகாய், பூண்டு. நாங்கள் பேசுவதற்கு முன்பே, மே மாதமே ஊற்றி வைத்ததாம். ஒழுகாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.