ஏற்காடு வளைவில் செத்துப்போன கார் ஆம்ப்

மச்சானின் பழைய ஸ்விஃப்டில் முன்சீட்டுக்கு அடியில் ஒரு நாலு சேனல் ஆம்ப் கிடந்தது. போன மாதம் ஏற்காடு ஏறும்போது பாடிக்கொண்டே இருந்தது திடீரென்று நின்றுவிட்டதாம், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "மாமா, நீங்கதான் எல்லாத்தையும் பிரிப்பீங்களே, இதையும் பாருங்க" என்று சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் இதுவரை பிரித்ததெல்லாம் வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள்தான். கார் ஆம்ப் இதுவே முதல்.

25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் ஃபியூஸ், அதுவும் எரிந்திருந்தது. இன்னொன்று சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகியது. யார் வேலை இது என்று போனில் கேட்டேன், மச்சானுக்கு உடனே சிக்னல் கிடைக்காமல் போய்விட்டது.

வீட்டு ஆம்புக்கும் இதற்கும் வித்தியாசம் முன்பாதியில்தான். வெறும் 12 வோல்ட்டை வைத்து நாலு ஸ்பீக்கரை அவ்வளவு பலமாக அதிர வைக்க முடியாது என்பதால் உள்ளேயே வோல்ட்டை ஏற்றிக் கொடுக்க ஒரு எஸ்எம்பிஎஸ் இருக்கிறது: டிஎல்494 ஐசி, ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் இரண்டு பக்க மாஸ்ஃபெட்களையும் மாற்றி மாற்றித் தட்ட, வளைய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக பிளஸ் 30, மைனஸ் 30 வோல்ட் வாக்கில் கிளம்பி அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்குப் போகிறது. மூடியைத் திறந்ததும் கருகல் வாடை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு இசட்44 மாஸ்ஃபெட்கள், அதில் ஒரு பக்கம் டிரெயின், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கு நடுவில் ஷார்ட் என்று மீட்டர் கத்துகிறது. மூன்றும் பேரலலாக இருப்பதால் போர்டில் வைத்துப் பார்த்தால் மூன்றுமே ஷார்ட் மாதிரிதான் காட்டும், கழற்றிப் பார்த்தால் போனது இரண்டுதான்.

இங்கேதான் புத்தி கெட்டுப்போனது. அந்த இரண்டை மட்டும் மாற்றி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை எடுத்து வந்து நேராக மாட்டினேன். ஆம்பை விழிக்க வைக்கும் ரிமோட் முனையை பாசிட்டிவில் தொட்டதும் 'பட்'. ஒரு மாஸ்ஃபெட்டின் கறுப்பு மூக்கு பெயர்ந்து சுவரில் போய் அடித்தது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று வீட்டுக்குள்ளேயிருந்து வேறு குரல்.

அடுத்த ஞாயிறு கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்தேன். பேட்டரி பாசிட்டிவில் சீரிஸாக 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று. உள்ளே என்ன ஷார்ட் இருந்தாலும் நாலரை ஆம்பியர் சொச்சத்துக்கு மேல் போகாது, பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆறு மாஸ்ஃபெட்டையும் கழற்றி வெறும் போர்டுக்கு சப்ளை கொடுத்தேன். டிஎல்494-இன் 14-ஆவது காலில் 5 வோல்ட் சரியாக இருக்கிறது, ஐசி உயிரோடுதான் இருக்கிறது. என்னிடம் ஆசிலோஸ்கோப் கிடையாது, அதனால் மீட்டரை டிசியில் வைத்து, மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் முனைகளைப் பார்த்தேன். ஒரு பக்கம் 4.7 வோல்ட், இன்னொரு பக்கம் 0.3. கேட்டைக் கீழே இழுக்கும் சின்ன பிஎன்பி டிரான்சிஸ்டர் ஷார்ட், கூடவே இரண்டு 100 ஓம் கேட் ரெசிஸ்டர் ஓப்பன். அவற்றை மாற்றியதும் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட். இந்தத் தடவை ஆறு மாஸ்ஃபெட்டும் ஒரே கடையில் ஒரே ஸ்ட்ரிப்பில் வாங்கியது.

ரிமோட் கொடுக்காமல் பல்பு இருட்டு. நல்லது. கொடுத்தால் முழு வெளிச்சம்! அப்படியென்றால் முன்பாதி வேலை செய்கிறது, பின்னால் யாரோ கரண்டைக் குடிக்கிறார்கள். முன் இடது சேனலில் டிஐபி35, டிஐபி36 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி, இரண்டுமே கலெக்டர் எமிட்டர் ஷார்ட். பக்கத்தில் வெள்ளை செங்கல் மாதிரி இருக்கும் 0.22 ஓம் ரெசிஸ்டர் ஓப்பன். ஜோடியைக் கழற்றியதும் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட்டது, பார்க்க அவ்வளவு சந்தோஷம். புதிய ஜோடிக்கு, உலோகத்தில் மின்சாரம் பாயாமல் தடுக்கும் மைக்கா தாள் வைக்கும்போது ஒன்று கிழிந்தது, நல்லவேளை ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன்பே கண்ணில் பட்டது. ஸ்பீக்கர் முனையில் டிசி வெறும் 18 மில்லிவோல்ட். போதும்.

காரில் மாட்டி ஐந்து ரோடு வரை ஓட்டிப் பார்த்தோம், நன்றாகப் பாடியது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மாஸ்ஃபெட்டைக் கொன்றது அவுட்புட் ஷார்ட் என்றால் அவுட்புட்டைக் கொன்றது யார்? "செத்த இடத்துக்கே போவோம் மாப்ள" என்றேன்.

கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவில் ஐந்து வரை ஒன்றுமில்லை. ஆறாவதில் சத்தம் போனது, ஆம்பில் ப்ரொடெக்ட் சிவப்பு விளக்கு, அதாவது ஷார்ட் வந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் காவல். அணைத்துப் போட்டால் மறுபடி பாடுகிறது. எட்டாவதில் திரும்பவும் சிவப்பு. ஒற்றைப்படை வளைவில் ஒன்றுமே ஆவதில்லை! ஓரங்கட்டி செல்போன் டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன், அந்த இடைவெளியில் டேஷ்போர்டு மேல் வைத்திருந்த தட்டுவடை செட் பொட்டலத்தை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போனது தனிக்கதை. ஆம்பை ஸ்க்ரூ போட்டு இறுக்கவே இல்லை. வண்டி அந்தப் பக்கம் திரும்பும்போது ஆம்பும் நகர்ந்து, இடது கதவு ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை சீட் ரெயிலில் வைத்துத் தேய்த்திருக்கிறது. பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஒரு கட்டை விரல் நகம் அளவுக்குத் தோல் உரிந்து செம்பு பளபளக்கிறது, இரண்டும் ஒரே இரும்பைத் தொட்டால் ஸ்பீக்கர் முனையே ஷார்ட். இத்தனை நாள் ப்ரொடெக்ட் காப்பாற்றிக்கொண்டிருந்து, ஒருநாள் முடியாமல் போயிருக்கிறது.

அங்கேயே டேப் சுற்றி ஏறினோம். வீட்டுக்கு வந்து புது ஒயர், ஃப்ளெக்சிபிள் பைப், ஆம்புக்கு நாலு ஸ்க்ரூ. எர்த் ஒயரை பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள், சுரண்டி மாட்டினேன்.

இப்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது. ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரும் பேட்டரி ஒயரும் ஒன்றாகக் கட்டி ஒரே பக்கம் வருகின்றன, ஆல்டர்னேட்டர் சத்தமாகத்தான் இருக்கும். கார்பெட்டைத் தூக்கி ஆர்சிஏவை அந்தப் பக்கம் மாற்ற வேண்டும், மச்சான் வண்டியைக் கொண்டுவந்தால் வரும் ஞாயிறு.