லேகியம் வாங்குவதற்கு முன்னால்

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியும் குழந்தை இல்லையென்றால் போதும், சொந்தக்காரர் யாராவது "தம்பி, அமுக்கரா சூரணம் பாலில் கலந்து குடி" என்று ஆரம்பித்துவிடுவார். அமுக்கரா, பூனைக்காலி, நீர்முள்ளி, நெருஞ்சில் எல்லாம் சித்த மருத்துவத்தில் காலங்காலமாக இருப்பவைதான், நான் குறை சொல்லவில்லை. பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்து, தோலை உரித்து, காயவைத்து இடிப்பார்கள். அந்தக் காயின் சுணை மேலே பட்டால் அரிப்பு உயிரை எடுத்துவிடும். விதையில் எல்-டோபா இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். அதனால் வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. அமுக்கராவும் அப்படித்தான், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அப்புறம் ஒரு விஷயம். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், "ஒரே வாரத்தில் பலன்" என்பது சும்மா கதை.

இந்த லாட்ஜ் வைத்தியர்கள் விளம்பரம் இருக்கிறதே, ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது, யார் கண்டுகொள்கிறார்கள்? மூலிகை என்று விற்கும் சில மாத்திரைகளில் சொல்லாமல் கொள்ளாமல் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபிலைச் சேர்த்திருப்பதும் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

சரி, முதலில் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கும் வெரிகோசீல் என்றால் எந்த லேகியம் அதைச் சரிசெய்யும்? ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது.