வடிகால் குழாயிலிருந்த மண்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைப் புரட்டிப்போட்ட மழையில், அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் சரிவை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டின் பின்புறத் தாங்குசுவர் இடிந்து, சமையலறையும் அதற்கடுத்த அறையும் சேற்றில் மூழ்கின. குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் உயிரிழந்த வெள்ளத்தில் நமக்குப் போனது சுவர்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, வீட்டைக் காப்பீடு செய்திருந்த நிறுவனத்திடம் இழப்பீடு கோரினோம். ஜூன் மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. சுவரின் வடிகால் குழாய்கள் அடைத்துக் கிடந்தனவாம். சேதத்துக்குக் காரணம் மழையன்று, எங்கள் பராமரிப்பின்மையாம்.

நாங்கள் அணுகிய வழக்கறிஞர் தமிழ் வம்சாவளியினர். தமிழ் பேசத் தெரியாவிட்டாலும் என்னை 'அக்கா' என்றே அழைத்தார். அவர் முதலில் பார்த்தது கடிதத்தின் தேதியை. மறுப்பு கைக்கு வந்தபின் ஆட்சேபம் எழுதக் குறைந்தது 90 நாளும், அது கழிந்தபின் வழக்குத் தொடரக் குறைந்தது ஆறு மாதமும் தரப்பட வேண்டும் என்பது தென்னாப்பிரிக்க விதி. 'இன்ன காரணத்தால் நேர்ந்த சேதத்துக்குப் பணம் கிடையாது' என்னும் விலக்குப் பிரிவைக் காட்டிப் பணம் மறுக்கும் நிறுவனமே அதை நிரூபிக்கவும் வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான், அதுவரை நாங்கள் குற்றவாளிகளைப் போல விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது உறைத்தது.

காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் எடுத்திருந்த குழாய்ப் படத்தை வழக்கறிஞர் பெரிதாக்கிப் பார்த்தார். படம் எடுக்கப்பட்டது வெள்ளத்துக்கு ஆறு நாள் கழித்து. அவர் அனுப்பிய கட்டடப் பொறியாளர் எஞ்சிய குழாயைப் பிளந்து காட்டினார்: உள்ளே வேரோ பழைய கசடோ இல்லை, மேல்வீட்டு முற்றத்திலிருந்து சரிந்த அதே சிவப்பு மண்தான் இருந்தது. அடைப்பு மழையோடு வந்தது. அந்த அறிக்கையோடு, வானிலைத் துறையின் மழையளவையும் இணைத்து ஆட்சேபம் அனுப்பினார். விதிப்படி 45 நாளுக்குள் பதில் வர வேண்டும். வந்தது, பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த இழுபறி நான் எதிர்பாராதது. வீட்டை 9 லட்சம் ராண்டுக்குத்தான் காப்பீடு செய்திருந்தோம். மீண்டும் கட்ட 15 லட்சம் ஆகும், எனவே சேதத்தில் அறுபது விழுக்காடே தருவோம் என்றார்கள். குறைத்துக் காப்பீடு செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்பது பாலிசியிலேயே இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. வழக்கறிஞர் அந்த நிபந்தனையோடு மல்லுக்கட்டாமல், 15 லட்சம் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டார். கட்டுமானச் செலவுக் கணக்காளர் அறைக்கு அறை அளந்து 12 லட்சம் என்று நிறுவியதும், 2,40,000 ராண்ட் சேதத்துக்கு 1,44,000 என்றிருந்தது 1,80,000 ஆயிற்று. தாங்குசுவருக்கு ஒரு காசும் வரவில்லை. அது பாலிசியில் சேர்க்கப்படவே இல்லை.

பாலிசிப்படி நாங்களே ஏற்க வேண்டிய முதல் 5,000 ராண்டைக் கழித்து, நவம்பரில் பணம் வந்தது. அந்த வாரமே காப்பீட்டுத் தொகையை 12 லட்சமாக உயர்த்தி, சுவரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.